தேன்மெழுகு அரை கிலோ கட்டி, மூணு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

அம்மாவுக்கு பித்தவெடிப்பு ஜாஸ்தி, அதுக்கு வீட்லயே பாம், அதாவது தடவுற களிம்பு, செய்யலாம்னு மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்க்குற ஒருத்தர்கிட்ட அரை கிலோ தேன்மெழுகு வாங்கினேன், 450 ரூபா, கொரியர் தனி. அதுக்கு முன்னாடி ஆன்லைன்ல ஒரு கடையில வாங்கினது பழுப்பேறி, தேன் வாசமே இல்லாம காஞ்ச எண்ணெய் நாத்தம் அடிச்சுது, அதுல செஞ்ச பாமை கிட்டயே கொண்டு வராதன்னுட்டாங்க அம்மா.

இதைப் பிரிச்சதும் மேல சாம்பல் பூசுன மாதிரி வெள்ளையா படிஞ்சிருந்துச்சு. பூஞ்சைன்னு நினைச்சு ரிட்டர்ன் பண்ணிடாதீங்க, நல்ல தேன்மெழுகை நாள்பட வச்சிருந்தா அப்படித்தான் பூக்கும், ஹேர் டிரையரை கொஞ்ச நேரம் காட்டினேன், வெள்ளை மறைஞ்சு உள்ள இருந்த மஞ்சள் பளிச்சுனு வந்துடுச்சு. ஒரு துண்டை உடைச்சா உடைஞ்ச இடம் பொறபொறன்னு இருக்கு, அதையே உள்ளங்கையில வச்சு பிசைஞ்சா கைச்சூட்டுக்கே இளகி வளையுது. சுவாமிமலையில சிலை செய்யறவங்க குங்கிலியம்ங்கிற மரப்பிசின் சேர்த்து கையாலயே உருவம் பிடிக்கிறது இந்த மெழுகுலதான்.

இப்ப முக்கியமான விஷயம், தயவுசெஞ்சு அடுப்புல நேரா வைக்காதீங்க. தேன்மெழுகு 62லேர்ந்து 64 டிகிரியிலயே உருகிடும், தண்ணி கொதிக்கிற அளவு சூடு கூட வேணாம். 85 தாண்டினா நிறம் மாற ஆரம்பிக்கும், 100 டிகிரியில ஒரு நாள் பூரா கிடந்தா உள்ள இருக்கிற எஸ்டர், ஆசிட்ங்கிற வேதிப்பொருள்கள் இருக்க வேண்டிய விகிதமே மாறிப்போய் சுத்த மெழுகுக்கான டெஸ்ட்லயே தேறாது. இரும்புச் சட்டி, செம்பு, பித்தளை பட்டாலும் நிறம் கெடும். அந்த முதல் கட்டி இப்படி காய்ச்சி காய்ச்சியே வீணா போயிருக்கும்னு தோணுது. நான் எவர்சில்வர் கிண்ணத்தை வெந்நீர் பாத்திரத்துக்குள்ள வச்சுதான் உருக்குறேன், கிண்ணம் பூரா தேன் வாசம் அப்படியே நிக்குது.

பாமுக்கு மெழுகோட சேர்க்குற எண்ணெயையும் லேசா சூடு பண்ணிட்டு ஊத்துங்க, ஆறின எண்ணெய் பட்டா மெழுகு உடனே கட்டி கட்டியா உறைஞ்சிடும். ஒரு பங்கு மெழுகுக்கு நாலு பங்கு தேங்காய் எண்ணெய், அம்மா காலுக்கு இதுதான் சரியா இருக்கு. மிச்ச மெழுகை அச்சுல ஊத்தி ஃப்ரிட்ஜ்ல வச்சேன், நடுவுல பள்ளம் விழுந்து குறுக்கால விரிசல் விட்டுடுச்சு, ஏன்னா உறையும்போது மெழுகு நல்லா சுருங்கும், ஓரம் முதல்ல இறுகிட்டா நடுவுல இழுக்கும். மறுபடி உருக்கி ஊத்தி அச்சு மேல துண்டை போர்த்தி ராத்திரி பூரா மெதுவா ஆற விட்டேன், விரிசல் இல்ல.

குறைன்னா அடியில கசடு இருந்துச்சு, வேட்டித் துணியில ஒரு தடவை வடிகட்ட வேண்டியதா போச்சு, அதுக்காக அரை ஸ்டார் குறைச்சு நாலரை. அம்மா குதிகால்ல ரத்தம் வந்துட்டிருந்த வெடிப்பு இப்ப மூடிடுச்சு, அத்தையும் கேட்டிருக்காங்க, அடுத்த தடவை ஒரு கிலோவா சொல்லப் போறேன்.