இ அண்ட் ஓ: கடலுக்கு முகம் காட்டும் விடுதி

பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரில், லெபோ ஃபார்க்குவார் சாலையில் இருக்கும் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் ஓட்டலை வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதிகூடப் பார்த்ததாகாது. கட்டடத்தின் முகம் கடல் பக்கம் இருக்கிறது.

இங்கிலாந்தின் பழைய பயணியர் விடுதிகள் குதிரை வண்டிக்காகக் கட்டப்பட்டவை. லண்டன் சதர்க்கில் உள்ள ஜார்ஜ் இன் 1676 தீயில் அழிந்து, மறு ஆண்டே எழுந்தது. வண்டி நுழைந்து திரும்ப நடுவே முற்றம், அதைச் சுற்றி மரத் தாழ்வாரங்கள், அறைக் கதவுகள் முற்றத்தைப் பார்த்து. பினாங்குக்கு ஆள் வந்ததோ கப்பலில். அதனால் இங்கே முற்றத்துக்குப் பதில் கரையோரம் நெடுக நீண்ட புல்வெளி. 902 அடி கடல்முகம், ஏறக்குறைய 275 மீட்டர், என்று அந்தக் காலத்திலேயே விளம்பரம் செய்தார்கள்.

இஸ்ஃபஹானிலிருந்து வந்த ஆர்மீனியரான சார்கீஸ் சகோதரர்கள் 1885-இல் தொடங்கியது ஈஸ்டர்ன் ஓட்டல். பிறகு ஓரியண்டல் என்ற இன்னொரு ஓட்டலும் சேர்ந்தது. சிங்கப்பூர் ராஃபிள்ஸ், ரங்கூன் ஸ்ட்ராண்ட் ஓட்டல்களும் அதே குடும்பத்தின் கைவண்ணம். 1920-களில் கடன் வாங்கி விரிவாக்கியவர் சகோதரர்களில் ஒருவரான அர்ஷாக். ரப்பர் விலை சரிந்தது, 1931-இல் நிறுவனமே மூழ்கியது. 1996-இல் மூடிய ஓட்டல் புதுப்பிக்கப்பட்டு 2001-இல் மீண்டும் திறந்தது. ஆகவே உள்ளே கண்ணில் படுவதையெல்லாம் நூறாண்டுப் பழமை என்று எண்ண வேண்டாம். பழமையைத் தேடுபவர் கட்டடத்தின் நீளத்தையும் குவிமாடத்தையும் பார்க்கட்டும்.

முன்கூடத்துக் குவிமாடத்தின் கீழ் நேர் நடுவில் நின்று மெல்லப் பேசிப் பாருங்கள். வளைந்த கூரை ஒலியைக் குவித்து நின்ற இடத்துக்கே திருப்பி அனுப்பும். இரண்டடி விலகினாலே குவியம் தவறிவிடும். கூட்டம் இருந்தால் ஒன்றும் கேட்காது. காலை நேரம்தான் தோது.

ஜார்ஜ் டவுனின் பழைய சுவர்களைப் பார்க்கப் பழகியவர்கள் முதலில் அடிப்பகுதி ஒரு மீட்டரைத்தான் பார்ப்பார்கள். செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சும் மூச்சுவிடும் சுவர். தரை ஈரம் ஏறி ஆவியாகும்போது உப்பை வெளியே தள்ளும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்பு படிகமாகிப் பூச்சைப் பொருக்குப் பொருக்காக உதிர்க்கும். கடலோரத்தில் இது இன்னும் விரைவாக நடக்கும். இத்தனை நீளக் கடல்முகத்தைப் பராமரிப்பது ஓயாத வேலை என்பதை மறக்காமல் பார்த்தால் மதிப்பு கூடும்.

தங்குவதென்றால் பழைய ஹெரிட்டேஜ் பகுதியைக் கேளுங்கள். அதைப் புதுப்பித்து 2019 இறுதியில் திறந்தார்கள். 2013-இல் வந்த விக்டரி அனெக்ஸ் என்ற புதிய கட்டடம் உயரமானது, வசதியானது, ஆனால் கட்டடக்கலைக்காக வருபவருக்கு அது தேவையில்லை. பதிவு செய்யும்போதே கடல் பக்கமா, சாலைப் பக்கமா என்று உறுதிப்படுத்துங்கள். கூடுதல் காசு கடல் பக்கத்துக்குத் தகும். வடக்கு நோக்கிய அறை என்பதால் ஏப்ரல் முதல் செப்டம்பர் தொடக்கம் வரைதான் நண்பகல் வெயில் அந்தப் பக்கம் சாயும். மற்ற மாதங்களில் சன்னலைத் திறந்தே வைக்கலாம்.

அறை எடுக்காதவர் தேநீருக்கு வரலாம், நேரத்தை முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு. மழை பெய்து ஓய்ந்த காலையில் புல்வெளியின் கடல் விளிம்பில் நின்றால் வடக்கே ஜெராய் மலை நீலமாகத் தெரியும். ராஜேந்திரனின் கப்பல்கள் தேடி வந்த கடாரம் அந்த மலையடிவாரம்.