சிட்னியின் கோடைக் கிறிஸ்துமஸுக்கு வேகவைத்த இறால்: என்ன வாங்குவது, எப்படிக் காப்பது

சிட்னியில் டிசம்பர் 25 நடுக்கோடை. வெயில் 30 டிகிரியைத் தாண்டும் மதியத்தில் அடுப்பு மூட்ட யாருக்கும் மனம் வராது. ஜில்லென்ற இறாலை மேசை நடுவே குவித்து, உரித்து உரித்துச் சாப்பிடுவதுதான் இங்கே வழக்கம். புதிதாகக் குடியேறியவர்கள் பண்டிகைக்கென்று ஒரே ஒரு பொருள் வாங்குவதானால் தாராளமாக இதை வாங்கலாம். ஆனால், கழுவிச் சமைக்கும் நம் கைப்பழக்கம் இதைக் கெடுத்துவிடும்.

கடையில் ஆரஞ்சு நிறத்தில் இருப்பது ஏற்கெனவே வெந்தது. பெரும்பாலும் படகிலேயே கடல்நீரில் வேகவைத்துவிடுகிறார்கள். உப்பு அதிலேயே இருக்கிறது. அதைக் குழம்பில் போட்டால் மறுபடி வெந்து ரப்பராகிவிடும். குழாயடியில் அலசினால் சுவையும் போய்விடும். குழம்புக்கும் தொக்குக்கும் 'கிரீன் பிரான்' என்று கேளுங்கள். பச்சை நிறம் என்று நினைத்துவிட வேண்டாம். வேகவைக்காத இறாலுக்கு இங்கே அதுதான் பெயர்.

வகைகளில் எங்கள் முதல் தேர்வு கிங். இனிப்பும் சாறும் அதில்தான் அதிகம். வரி போட்ட டைகர் கெட்டியான சதை, தட்டில் அழகாக இருக்கும். பனானா மென்மையானது, பெரும்பாலும் விலையும் குறைவு, சாலட்டுக்குப் போதும். பலகையில் யு10 என்றிருந்தால் ஒரு பவுண்டுக்குப் பத்துக்கும் குறைவு, அதாவது ஒன்று 45 கிராமுக்கு மேல். உரித்தபின் கிலோவுக்கு அரைக் கிலோ சதைதான் மிஞ்சும் என்பதால், முக்கிய உணவாகப் பரிமாற இரண்டு அல்லது மூன்று பேருக்கு ஒரு கிலோ என்று கணக்கு வையுங்கள்.

தலை உடலோடு இறுகியிருக்க வேண்டும், ஓடு பளபளக்க வேண்டும், கடல் வாசம் மட்டுமே வர வேண்டும். தலை கறுத்திருந்தாலே கெட்டுப்போனதென்று அர்த்தமில்லை. காற்றுபட்டு நொதிகள் செய்யும் வேலை அது. அமோனியா நெடி அடித்தால் வாங்காதீர்கள். கறுக்காமலிருக்கச் சல்பைட் சேர்ப்பதுண்டு, ஆஸ்துமா உள்ளவர்கள் கேட்டு வாங்குவது நல்லது. உறைபனியிலிருந்து எடுத்ததா என்றும் கேளுங்கள். ஆமென்றால் வீட்டில் மறுபடி ஃப்ரீசரில் வைக்கக் கூடாது.

சிட்னி மீன் சந்தை 23 அதிகாலையிலிருந்து 24 மாலை வரை 36 மணி நேரம் மூடாமல் விற்கும். நெரிசலைத் தாங்க முடியாதவர்கள் 23 அன்றே போய்வரலாம். சரியாக வைத்தால் இரண்டு நாள் தாங்கும். மேற்குச் சிட்னியில் வென்ட்வொர்த்வில், டூங்காபி பக்கம் திரும்பும் நம்மவர்கள் பனிக்கட்டி நிரப்பிய எஸ்கி (குளிர்காக்கும் பெட்டி) இல்லாமல் புறப்படக் கூடாது. அதன் வடிகால் மூடியைத் திறந்து வையுங்கள். உருகிய நீரில் ஊறினால் இறால் சப்பென்றாகிவிடும். வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்து, மூடியுள்ள பாத்திரத்தில் ஃபிரிட்ஜின் குளிர்ச்சியான தட்டில் வையுங்கள். மேசைக்கு வரும்போது தட்டுக்கு அடியில் பனிக்கட்டி இருக்கட்டும்.

உரிப்பது எளிது. தலையைத் திருகி இழுங்கள். வயிற்றுப்பக்கக் கால்களைக் கட்டைவிரலால் விலக்கினால் ஓடு மாலைபோலச் சுற்றிக் கழன்றுவரும். தலை இருந்த பக்கம் முதுகில் எட்டிப்பார்க்கும் கறுப்பு நரம்பை மெதுவாக இழுத்தால் முழுசாக வந்துவிடும். அவசரப்பட்டால் நடுவில் அறுந்துபோகும், பிறகு முதுகைக் கீறித்தான் எடுக்க வேண்டும். தொட்டுக்கொள்ள மயோனைஸும் தக்காளி சாஸும் கலந்தது வழக்கம். எலுமிச்சைச் சாறும் பொடியாக அரிந்த பச்சைமிளகாயும் அதைவிடப் பொருத்தம்.

பலர் கோட்டை விடுவது ஓட்டில்தான். அந்த வெயிலில் குப்பைத்தொட்டிக்குள் கிடந்தால் ஒரே நாளில் தெருவே நாறும். ஓடு, தலை எல்லாவற்றையும் இரட்டைப் பையில் இறுகக் கட்டி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். குப்பை வண்டி வருவதற்கு முந்தைய இரவு எடுத்துத் தொட்டியில் போட்டால் போதும்.