புது ஆர்50-ஆ, பழைய டி7200-ஆ? இரண்டாவது லென்ஸைக் கேளுங்கள்

எழுபதாயிரம் ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் முழித்தேன். 2024 பொங்கலுக்கு முந்தைய கதை. ஒரு பக்கம் புத்தம்புது கேனான் ஆர்50 என்ற மிரர்லெஸ் கேமரா (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை), கூடவே வரும் 18-45 எம்எம் கிட் லென்ஸ். நான் விசாரித்த கடையில் அந்தப் பணம் அதோடு சரி, பை வாங்கக்கூட மிஞ்சாது. இன்னொரு பக்கம் செகண்ட் ஹேண்டில் நிக்கான் டி7200, 2015-இல் வந்த டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த பழைய வகை). நான் பழையதை வாங்கினேன். என் மச்சான் அதே மாதம் ஆர்50 வாங்கினான். அவ்வப்போது கேமராவை மாற்றிக்கொள்கிறோம் என்பதால் இரண்டுமே எனக்கு ஓரளவு கை பழகியவை. நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

முதலில் சட்டென்று முடிக்க வேண்டியவற்றை முடித்துவிடுகிறேன். இரண்டிலும் 24 மெகாபிக்சல், படத்தைப் பிடிக்கும் சென்சாரும் இரண்டிலும் ஏபிஎஸ்-சி எனப்படும் ஒரே வகை அளவு. நல்ல வெயிலில் எடுத்த படங்களைக் கலந்து வைத்தால், எது எந்தக் கேமராவில் எடுத்தது என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. எடையில் ஆர்50 சுலபமாக ஜெயிக்கும். பேட்டரியும் கார்டும் சேர்த்து 375 கிராம். டி7200 அதேபோல 765 கிராம், ஏறக்குறைய இரண்டு மடங்கு. பேட்டரியில் கதை தலைகீழ். ஒரு சார்ஜில் 1,110 படம் என்பது டி7200-க்கான அளவீடு. இரண்டு நாள் கோயில் திருவிழாவை ஒரே பேட்டரியில் முடித்திருக்கிறேன். மச்சான் கூடுதல் பேட்டரி இல்லாமல் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை.

ஃபோகஸ் விஷயத்தில் ஆர்50 ஒரு தலைமுறை முன்னே நிற்கிறது, இதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். குழந்தை ஓடினாலும் கண்ணைத் தேடிப் பிடித்துக்கொண்டு விடாது. வெளிச்சம் கூடினால் குறைந்தால் படம் எப்படி வரும் என்பது கிளிக் செய்வதற்கு முன்பே வியூஃபைண்டரில் தெரியும். புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இது பெரிய வசதி. டி7200-இல் எடுத்துப் பார்த்துத்தான் திருத்திக்கொள்ள வேண்டும். திரையும் மடங்காது, தொட்டாலும் வேலை செய்யாது. வீடியோ எடுப்பதுதான் உங்கள் நோக்கம் என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டாம், மிரர்லெஸ் வாங்குங்கள். நான் வீடியோ எடுத்தது மொத்தமே இரண்டு பிறந்தநாளுக்கு. அதிலும் டி7200 ஃபோகஸைத் தேடித் தேடி அலைந்ததுதான் பதிவாகியிருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் பழையதை ஏன் வாங்கினேன்? இரண்டாவது லென்ஸுக்காக.

பிப்ரவரியில் மகளின் பள்ளி ஆண்டு விழா. மேடையில் மஞ்சளும் சிவப்புமாக நாலு விளக்கு, அரங்கம் முழுக்க இருட்டு. மச்சான் ஆர்50-உடன் மூன்றாவது வரிசை, நான் பக்கத்தில். கிட் லென்ஸைக் கொஞ்சம் இழுத்தாலே அபெர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் திறப்பு, எஃப் 5.6-க்குப் போய்விடுகிறது (இந்த எண் கூடினால் திறப்பு சிறுக்கும்). ஐஎஸ்ஓ (சென்சார் வெளிச்சத்தை உணரும் அளவு) 3200 வைத்தும் ஷட்டர் முப்பதில் ஒரு நொடிக்கு மேல் ஏறவில்லை. அந்த வேகத்தில் நிற்கிற ஆள் வேண்டுமானால் விழுவார், ஆடுகிற பிள்ளை விழாது. கண்ணை அது சரியாகத்தான் பிடித்தது, ஃபோகஸ் கட்டம் முகத்தின் மேல் ஒட்டிக்கொண்டே போனது. ஆனால் படத்தில் கையெல்லாம் புகை. என் கேமராவில் இருந்தது 50 எம்எம் எஃப் 1.8. எஃப் 5.6-ஐவிட இது உள்ளே விடும் வெளிச்சம் கிட்டத்தட்ட பத்து மடங்கு. அதே ஐஎஸ்ஓவில் எனக்கு இருநூற்றைம்பதில் ஒரு நொடி கிடைத்தது. அலபத்ம முத்திரை பிடித்த விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. அந்த லென்ஸை நான் வாங்கியது 5,500 ரூபாய்க்கு.

இதில் பாடிக்கு (லென்ஸ் இல்லாத கேமராவுக்கு) எந்தப் பெருமையும் இல்லை. ஆர்50-இலும் எஃப் 1.8 லென்ஸ் மாட்டலாம், மாட்டினால் மச்சான் என்னைவிட நன்றாகவே எடுப்பான். மாட்டவில்லை என்பதுதான் விஷயம். அதற்கான கேனானின் ஆர்எஃப் 50 எம்எம் லென்ஸைப் புதிதாக வாங்க அந்த நேரத்தில் நான் கொடுத்ததைப் போல மூன்று மடங்குக்கும் மேல் ஆகும். பணம் முழுவதும் பாடியிலும் கிட் லென்ஸிலும் போன பிறகு, அடுத்த லென்ஸுக்கு அடுத்த போனஸ் வர வேண்டும்.

என் கணக்கு இது. பாடி 27,000. ஷட்டர் 38,000 முறை ஓடியிருந்தது, நிக்கான் சொல்லும் ஆயுள் 1,50,000. 35 எம்எம் எஃப் 1.8ஜி 8,500. 50 எம்எம் எஃப் 1.8டி 5,500. ஒரு பழைய 70-300 ஜூம் 6,000, அதைச் சுத்தம் செய்ய 1,800 (அந்தச் சோகம் பின்னால் வருகிறது). ஆக 48,800. மூன்று லென்ஸ் வாங்கியும் இருபதாயிரத்துக்கு மேல் கையில் நின்றது.

இவ்வளவு மலிவாகக் கிடைக்கக் காரணம் உண்டு. நிக்கானின் எஃப் மவுண்ட், அதாவது கேமராவில் லென்ஸ் மாட்டும் வாய், 1959-இல் வந்தது. அன்றிலிருந்து அதே வாய்க்கு லென்ஸ் செய்துகொண்டே இருந்தார்கள். 2018-இல் நிக்கான் இசட் மவுண்டையும் கேனான் ஆர்எஃப் மவுண்டையும் கொண்டுவந்த பிறகு, மாறுகிறவர்கள் எல்லோரும் பழைய லென்ஸ்களை விற்கக் கிளம்பினார்கள். கண்ணாடியில் குறையில்லை, மவுண்ட்தான் பழசு. அவர்களுடைய அவசரம் நமக்கு லாபம். ஆர்எஃப் பக்கம் நிலைமை வேறு. மவுண்டே புதுசு, செகண்ட் ஹேண்டில் புழங்குவது குறைவு. சிக்மா, டாம்ரான் என்ற பிற கம்பெனிகளின் ஆட்டோஃபோகஸ் உள்ள லென்ஸ்கள் ஆர்எஃப் மவுண்டுக்கு வரும் என்ற அறிவிப்பே 2024 ஏப்ரலில்தான் வந்தது. நாங்கள் வாங்கியபோது அந்தக் கதவும் மூடியே இருந்தது.

செகண்ட் ஹேண்ட் லென்ஸில் இன்னொரு சுகம் உண்டு. இறங்க வேண்டிய விலை முதல் ஆள் கையிலேயே இறங்கி முடிந்திருக்கும். பூச்சி, பூ எடுக்கலாம் என்று ஒரு ஆசையில் 40 எம்எம் மேக்ரோ லென்ஸை 11,000-க்கு வாங்கினேன். பத்து மாதம் மொட்டைமாடித் தொட்டிகளைச் சுற்றிச் சுற்றி எடுத்துவிட்டு, ஆசை தீர்ந்ததும் 10,000-க்கு விற்றேன். மாதம் நூறு ரூபாய் வாடகை! புது லென்ஸில் இப்படி ஆசைப்பட்டுப் பார்க்க முடியாது. பெட்டியைப் பிரித்து வாரன்டி கார்டில் தேதி போட்ட அன்றே சில ஆயிரம் போய்விடும். எந்த லென்ஸ் தனக்கு ஒத்துவரும் என்பது ஒரு வருடமாவது எடுத்துப் பார்க்காமல் யாருக்கும் தெரியாது. எனக்கு மேக்ரோதான் பிடிக்கும் என்று சத்தியமே செய்திருப்பேன். கடைசியில் கேமராவை விட்டுக் கழற்றாமல் இருப்பது 35 எம்எம். இந்த சென்சாரில் அது கிட்டத்தட்ட நம் கண் பார்க்கிற அகலம். ஞாயிறு விடிகாலையில் காசிமேடு ஏலத்தில் கூடைக்கும் ஐஸ் பெட்டிக்கும் நடுவே நின்று எடுக்க அதுவே போதும். நீளமான ஜூமை அங்கே முகத்துக்கு நேரே நீட்டினால் மீன் வாங்க வந்தவர்கூட முறைப்பார்.

பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு போக வேண்டும். நிக்கானில் 'டி' என்று முடியும் பழைய லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது. கேமராவுக்குள் இருக்கும் மோட்டார்தான் திருகாணியைச் சுற்றுவதுபோல 'கிர்ர்' என்று அதைச் சுற்றும். டி7200-இல் அந்த மோட்டார் இருக்கிறது. டி3500, டி5600 போன்றவற்றில் இல்லை, மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். பாடியில் ஐந்தாயிரம் மிச்சம் பிடிக்கப் போய் மலிவான லென்ஸ் வரிசையையே இழப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். இரண்டாவது, அந்த 50 எம்எம்மில் ஒரு அபெர்ச்சர் வளையம் உண்டு. அதை 22-க்குத் திருப்பிப் பூட்ட வேண்டும். பூட்டாவிட்டால் திரையில் 'எஃப்இஇ' என்று மின்னும், கிளிக் ஆகாது. நான் முதல் நாள் இதைப் பார்த்துவிட்டு ஏமாந்துவிட்டோம் என்று விற்றவருக்கு போன் போட்டேன். அவர் சிரித்துவிட்டு, "சார், அந்த வளையத்தைத் திருப்புங்க" என்றார்.

இப்போது சோகம். அந்த 70-300-ஐ ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கில், சாயங்காலம் ஆறரை மணிக்கு வாங்கினேன். வெளியே ஒரு கீறல் இல்லை, ஜூம் வளையம் வெண்ணெய் மாதிரி சுற்றியது. வீட்டுக்கு வந்து போன் டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பார்த்தால், இரண்டாவது கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி வெள்ளை நரம்புகள். பூஞ்சை. விற்றவர் அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை. மவுண்ட் ரோடு பக்கம் ஒரு மெக்கானிக் பிரித்துத் துடைத்துக் கொடுத்தார். "சீக்கிரம் வந்ததால தப்பிச்சீங்க. கோட்டிங்கைத் தின்னுட்டா துடைச்சாலும் தழும்பு நிக்கும்" என்றார். படங்களில் இப்போது எதுவும் தெரியவில்லை. வெயிலுக்கு எதிரே பிடித்தால் மட்டும் கொஞ்சம் மங்குகிறதோ என்று சந்தேகம், அது என் மனப்பிரமையாகவும் இருக்கலாம்.

அதிலிருந்து டார்ச் இல்லாமல் லென்ஸ் பார்க்கப் போவதில்லை. பகல் வெளிச்சத்தில் சந்திப்பது, அபெர்ச்சரை முழுக்கத் திறந்து முன்னும் பின்னும் டார்ச் அடிப்பது, அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா என்று பார்ப்பது, என் கேமராவிலேயே மாட்டிப் பத்துப் படம் எடுப்பது. பாடி என்றால் அதில் எடுத்த ஒரு படத்தைக் கேட்டு வாங்கினாலே போதும். நிக்கான் ஒவ்வொரு படக் கோப்பிலும் ஷட்டர் எண்ணிக்கையை எழுதிவிடும்.

வாங்கிய பிறகும் சென்னையில் பூஞ்சைக்குப் பயந்தே ஆக வேண்டும். ஐப்பசி மழையில் அலமாரிச் செருப்பே பூத்துப்போகிற ஊர் இது. டிரை கேபினட் வாங்கினால் ஈரப்பதத்தை 40-50 சதவீதத்தில் நிறுத்திவிடலாம். நான் காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு குட்டி ஈரப்பத மீட்டர் என்று நானூற்றைம்பது ரூபாயில் முடித்துக்கொண்டேன். நீல ஜெல் இளஞ்சிவப்பானதும் சூடாக்கி உலர்த்த வேண்டும். அதைச் சமையல் கடாயில் போட்டு வறுக்காதீர்கள், அந்த நீலம் கோபால்ட் உப்பு. எங்கள் வீட்டில் ஒரு கடாய் இதனால் நிரந்தரமாகக் கேமரா அறைக்கு வந்துவிட்டது. இந்த வேலையெல்லாம் புது லென்ஸுக்கும் உண்டுதான், பூஞ்சை பில் கேட்பதில்லை.

என் தேர்வின் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். நிக்கானும் கேனானும் புது டிஎஸ்எல்ஆர் வெளியிட்டே சில வருடங்கள் ஆகின்றன, கடைசியாக வந்தவை 2020-இல். என் பாடியின் விலை இறங்கிக்கொண்டேதான் போகும், பெரிய ரிப்பேர் வந்தால் உதிரி பாகத்துக்கு அலைய வேண்டியிருக்கும். நாளைக்கு நான் இசட் மவுண்டுக்கு மாறினால் 35 எம்எம் நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் ஆட்டோஃபோகஸுடன் ஓடும். அடாப்டரில் மோட்டார் இல்லாததால் 50 எம்எம் 'டி'-யைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். அப்புறம் எஃப் 1.8-இல் டிஎஸ்எல்ஆர் சில நேரம் கண்ணை விட்டுக் காதில் ஃபோகஸ் செய்யும். மெனுவில் ஃபோகஸை நுணுக்கமாகத் திருத்தும் ஏஎஃப் ஃபைன் டியூன் வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஸ்கேலைப் படமெடுத்துச் சரிசெய்தேன். மிரர்லெஸ் சென்சாரிலேயே ஃபோகஸ் பார்ப்பதால் மச்சானுக்கு இந்தத் தொல்லை இல்லை. பறவைக்காக வேடந்தாங்கலுக்கு ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன். 300 எம்எம் எட்டவில்லை, பறக்கிற கொக்கில் பாதி படம் மங்கல். பறவைதான் உங்கள் ஆசை என்றால் என் பேச்சைக் கேட்காதீர்கள்.

மிரர்லெஸ்தான் வேண்டும், லென்ஸும் மலிவாக வேண்டும் என்றால் செகண்ட் ஹேண்ட் சோனி ஏ6400 மாதிரி ஒன்றைப் பாருங்கள் என்று சொல்வேன். இ மவுண்ட் 2010-லிருந்து இருக்கிறது, பிற கம்பெனிகளுக்கும் சோனி சீக்கிரமே கதவைத் திறந்துவிட்டது. சிக்மாவின் எஃப் 1.4 பிரைம்கள் (ஜூம் இல்லாத லென்ஸ்கள்) அதற்குப் பழையதாகவே நிறையக் கிடைக்கின்றன. ஒரு நண்பரிடம் வாங்கி ஒரு வாரம் வைத்திருந்தேன். லென்ஸ் கணக்கில் என் பக்கத்துக்கு நெருங்கி வருகிறது, பாடி விலைதான் இடித்தது.

கேனானுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஈஎஃப்-இஓஎஸ் ஆர் அடாப்டரைப் போட்டால் பழைய ஈஎஃப் லென்ஸ்கள் ஆர்50-இல் ஆட்டோஃபோகஸோடு நன்றாகவே ஓடும். குட்டிக் கேமராவுக்கு மூக்கு நீண்ட மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஆண்டு விழாப் படங்களைப் பார்த்ததிலிருந்து என் தங்கை மச்சானை விடவில்லை. அடாப்டர் வாங்கிவிட்டான். போன வாரம் அடையாறில் யாரோ ஈஎஃப் 50 எம்எம் எஃப் 1.8 விற்கிறார்களாம், "மாமா, நீங்களும் வாங்க" என்றான். காலை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லச் சொன்னேன். டார்ச் நான் எடுத்து வருகிறேன்.