காற்றா, பேட்டரியா: மெக்கானிக் வேலைக்கான கருவிகள் குறித்து ஓர் ஒப்பீடு

உள்ளே சுத்தியல் போல அடித்து அடித்து நட்டைத் திருகும் இம்பாக்ட் ரெஞ்ச் வாங்க வருபவர் முதலில் பார்ப்பது பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் டார்க் எண்ணை, அதாவது திருகு விசையின் அளவைத்தான். முன்பெல்லாம் அந்த எண்ணே முடிவைச் சொல்லிவிடும். துருவேறி இறுகிய நட்டுக்குக் கம்ப்ரசரின் அழுத்தக் காற்றில் ஓடும் காற்றுக் கருவி, சில்லறை வேலைக்குப் பேட்டரிக் கருவி என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. லித்தியம் அயன் பேட்டரியும் கார்பன் பிரஷ் இல்லாத மோட்டாரும் சேர்ந்து அந்த நிலையை மாற்றிவிட்டன. இன்று அரை அங்குலப் பேட்டரி ரெஞ்ச்களில் மேல்தரமானவை 1,000 நியூட்டன் மீட்டரைத் தாண்டுகின்றன. அதே அளவிலான நல்ல காற்று ரெஞ்ச்களும் ஏறத்தாழ அந்த வட்டத்தில்தான் நிற்கின்றன. ஆகவே எதற்கு பலம் அதிகம் என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிடலாம். இப்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, கருவியின் ட்ரிக்கரை எவ்வளவு நேரம் விடாமல் அழுத்திப் பிடிக்கப் போகிறோம் என்பதே.

நட்டு கழற்றுவது விட்டு விட்டு நடக்கும் வேலை. 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் 90 வாட்-மணி ஆற்றல் அடங்கியிருக்கிறது. ஒரு நட்டுக்கு 2 வினாடி, அந்த நேரத்தில் சராசரியாக 600 வாட் என்று கணக்கு வைத்தால், ஒரு நட்டுக்கு 0.33 வாட்-மணிதான் செலவாகும். அதாவது ஒரே சார்ஜில் 250 நட்டுகளுக்கு மேல் கழற்றலாம். இறுகிய நட்டுகள் இந்தக் கணக்கைப் பாதியாகக் குறைத்தாலும், கையில் ஒரு பேட்டரியும் சார்ஜரில் ஒன்றும் இருந்தால் வேலை நிற்காது. அதே பேட்டரியை ஆங்கிள் கிரைண்டரில் மாட்டி, 700 வாட் இழுக்கும்படி அழுத்திப் பிடித்தால், 8 நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். பேட்டரி ஒன்றுதான், கருவியின் தரத்திலும் குறையில்லை. மாறியது வேலையின் தன்மை மட்டுமே.

காற்றுக் கருவிக்கும் இதே சோதனையை வைத்துப் பார்க்க வேண்டும். இங்கேதான் புதிதாகப் பட்டறை வைப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். 2 குதிரைத்திறன் கம்ப்ரசர் ஒன்று 90 பி.எஸ்.ஐ. (சுமார் 6 பார்) அழுத்தத்தில் நிமிடத்துக்குச் சுமார் 7 கன அடி, அதாவது 200 லிட்டர் காற்று தருகிறது என்று கொள்வோம். சுழன்று தேய்க்கும் காற்றுச் சாண்டர் தொடர்ந்து ஓட 12 கன அடி, அதாவது 340 லிட்டர் கேட்கும். குறைகிற 140 லிட்டரைத் தொட்டியின் சேமிப்புதான் ஈடுகட்ட வேண்டும். 50 லிட்டர் தொட்டி 8 பாரிலிருந்து 6 பாருக்கு இறங்கும்போது வெளிவரும் காற்று 100 லிட்டர் மட்டுமே. ஆக, முழு வேகத்தில் 43 வினாடி. அதன்பின் சாண்டர் சோர்ந்துவிடும், கம்ப்ரசர் மூச்சு விடாமல் ஓடிக்கொண்டிருக்கும். இம்பாக்ட் ரெஞ்சின் தாளில் 4 அல்லது 5 கன அடி என்று போட்டிருப்பதைப் பார்த்தும் நிம்மதியடைய முடியாது. அது விட்டு விட்டு இயக்குவதை வைத்துச் சொல்லும் சராசரி. ட்ரிக்கரை அழுத்தியபடியே இருந்தால் தேவை 20-ஐத் தாண்டும். கம்ப்ரசர் வாங்கும்போதும் பிஸ்டன் உறிஞ்சும் காற்றின் அளவைப் பார்க்காமல், 90 பி.எஸ்.ஐ.-யில் உண்மையில் வெளியே வரும் அளவைக் கேட்டு வாங்க வேண்டும். முதல் எண் பெரிதாக இருக்கும் என்பதால் விளம்பரங்களில் அதுவே முன்னால் நிற்கும்.

போதிய கம்ப்ரசர் இருக்கிறதென்றால், நீண்ட நேர வேலையில் காற்றுக்கு நிகர் இல்லை. காற்று மோட்டாருக்குள் மையம் விலகிய ஒரு ரோட்டரும், அதன் பள்ளங்களில் வழுக்கி வெளியே வரும் சில தகடுகளும் மட்டுமே இருக்கின்றன. எரிந்துபோகச் சுருளும் இல்லை, செயலிழக்கச் சர்க்யூட் பலகையும் இல்லை. சுமை கூடி மோட்டார் நின்றுவிட்டாலும் சேதம் ஏற்படாது; விரியும் காற்று மோட்டாரைக் குளிர்விக்கவும் செய்கிறது. டை கிரைண்டர், சாண்டர் போன்றவற்றை நாள் முழுவதும் ஓட்டுபவருக்கு இந்த ஒரு குணமே போதும். மின்கருவி அப்படியல்ல, சூடேறினால் மின்னணுப் பாதுகாப்பு அதை நிறுத்திவிடும், ஆறும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

காற்றுக் கருவி பலமில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கருவியல்ல, அதற்கு முன்னால் இருக்கும் ஹோஸ். தொட்டியின் மீட்டர் 8 பார் காட்டும். ஆனால் கால் அங்குல உள்விட்டமுள்ள நீண்ட ஹோஸ், இடையில் இரண்டு குறுகலான கப்ளர்கள், ஒரு அடைத்த ஃபில்டர் என்று கடந்து வரும்போது, ட்ரிக்கரை அழுத்திய நொடியில் கருவியின் வாயில் 4 பார்கூட மிஞ்சாமல் போகலாம். காற்று ஓடாதபோது மீட்டர் சரியாகவே காட்டுவதால் இந்தக் குறை கண்ணில் படுவதில்லை. கருவிக்கு நேர் முன்னால் ஒரு சிறிய மீட்டரை மாட்டி, கருவியை ஓடவிட்டபடி முள்ளைப் பார்த்தால் உண்மை உடனே தெரிந்துவிடும். முள் 6 பாருக்குக் கீழே கணிசமாக விழுகிறதென்றால், புதிய ரெஞ்ச் வாங்கும் முன் ஹோஸை 3/8 அங்குலமாகவோ அரை அங்குலமாகவோ மாற்றிப் பார்ப்பது நல்லது.

அடுத்தது தண்ணீர். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 24 கிராம் நீராவி கலந்திருக்கும். அதை 8 பாருக்கு அழுத்தி மீண்டும் 30 டிகிரிக்கு ஆறவைத்தால், அதில் ஏறக்குறைய 20 கிராம் நீராகப் பிரிந்துவிடும். நிமிடத்துக்கு 200 லிட்டர் தரும் கம்ப்ரசர் ஒரு மணி நேரம் ஓடினால் கால் லிட்டர் அளவுக்குத் தண்ணீர் சேரும் என்று பொருள். தொட்டியின் அடியில் தேங்குவதைத் தினமும் திறந்துவிடாவிட்டால் தொட்டி உள்ளிருந்தே துருப்பிடித்து மெலியும். குழாயில் கடந்து வருவதோ கருவியின் தகடுகளை ஒட்டிக்கொள்ளச் செய்யும், பெயிண்ட் அடித்த பரப்பில் புள்ளி புள்ளியாகத் தெரியும். காற்றிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் டிராப், தொட்டியைத் திறந்துவிடும் பழக்கம், வேலை தொடங்கும் முன் கருவியின் வாயில் விடும் சில துளி எண்ணெய் ஆகியவற்றை ஏற்றுக்கொள்பவருக்குத்தான் காற்றுக் கருவி நீண்ட நாள் உழைக்கும். பெயிண்ட் கன்னுக்குப் போகும் ஹோஸை மட்டும் எண்ணெய் படாமல் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

மின்செலவு வகையில் காற்று பின்தங்கியே இருக்கிறது. கம்ப்ரசர் இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகவே போய்விடுகிறது. கருவியின் முனையில் உருப்படியான வேலையாக வந்து சேர்வது பொதுவாக 10 முதல் 15 சதவீதம்தான். கசியும் இணைப்புகள் அதிலும் பங்கு கேட்கும்.

பேட்டரியின் பலவீனம் மெதுவாக வெளிப்படுகிறது. லித்தியம் செல் பயன்பாட்டால் மட்டுமல்லாமல் காலத்தாலும் வெப்பத்தாலும் தளர்கிறது. சில நூறு முறை சார்ஜ் ஏற்றியபின் கொள்ளளவு குறைவது கண்கூடாகத் தெரியும். 18 வோல்ட் பேட்டரி ஐந்து செல்களைத் தொடராக இணைத்தது என்பதால், ஒரு வரிசை கெட்டாலும் முழுப் பேட்டரியும் படுத்துவிடும். முழு சார்ஜில் வெயிலில் கிடக்கும் வண்டிக்குள் போட்டு வைப்பதும், உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றுவதும் இந்த முடிவை விரைவுபடுத்தும். 20 வோல்ட் என்று எழுதியிருப்பதும் பெரும்பாலும் இதே ஐந்து செல் பேட்டரிதான். முழு சார்ஜில் காட்டும் உச்ச வோல்ட்டேஜைச் சொல்கிறார்கள், அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. இதைவிடப் பெரிய கட்டு ஒன்று உண்டு. முதல் பேட்டரியை வாங்கும்போதே அடுத்த பத்து ஆண்டுக் கருவிகளின் நிறுவனத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுத்துவிடுகிறோம். ஜெர்மன் கருவி நிறுவனமான மெட்டாபோ 2018-இல் தொடங்கிய சி.ஏ.எஸ். கூட்டணியைப் போல, பல நிறுவனங்கள் ஒரே பேட்டரியைப் பகிரும் ஏற்பாடுகள் வந்திருக்கின்றன என்றாலும், பெருநிறுவனங்கள் பல இன்னும் தத்தமது பேட்டரியைத்தான் வைத்திருக்கின்றன. காற்றுக் கருவியில் இந்தக் கட்டு இல்லை. நிப்பிள் பொருந்தினால் எந்த நிறுவனத்துக் கருவியும் எந்த ஹோஸிலும் ஓடும். பல ஆண்டு பழைய ரெஞ்சுக்கும் தகடுகளும் ஓ-ரிங்குகளும் மாற்றி உயிர் கொடுக்கலாம்.

கையில் பிடிப்பதில் காற்றுக்கே என் ஆதரவு. அரை அங்குலக் காற்று ரெஞ்ச் 2 கிலோ அளவில் முடிந்துவிடும். அதே பலமுள்ள பேட்டரி ரெஞ்ச், பேட்டரியோடு சேர்த்தால் 3 கிலோவைத் தொடும். தலைக்கு மேல் கைதூக்கி வேலை செய்பவருக்கு இந்த ஒரு கிலோ சாதாரணமல்ல. ஆனால் ஹோஸ் எட்டாத இடத்தில், வழியில் நின்றுபோன வண்டிக்கு அடியிலோ உயரமான கட்டமைப்பின் மேலோ, இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லாமல் போகிறது. காது பாதுகாப்பு இரண்டுக்கும் வேண்டும். ரெஞ்சுக்குள் சுத்தியல் அடிக்கும் ஒலி எந்தக் கருவியிலும் குறைவதில்லை.

பெட்ரோல் ஆவி சூழ்ந்த இடத்தில் சாதாரணப் பேட்டரிக் கருவியை இயக்கவே கூடாது; அதன் ஸ்விட்சிலோ பிரஷ்ஷிலோ எழும் சிறு பொறியே தீ மூட்டப் போதும். காற்றுக் கருவியில் மின்பொறி இல்லை, ஆனாலும் எஃகு எஃகோடு மோதும் இடத்தில் பொறி பறக்கலாம் என்பதை மறக்கலாகாது. காற்றுப் பக்கம் நான் வலியுறுத்திச் சொல்வது, தண்ணீருக்குப் போடும் பி.வி.சி. குழாயை அழுத்தக் காற்றுக்குப் போடாதீர்கள் என்பதே. அது விரிசலோடு நிற்காது, சில்லுகளாக வெடித்துச் சிதறும்.

எந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்தாலும் சக்கர நட்டை முடிவாக இறுக்க குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சைத்தான் கையில் எடுக்க வேண்டும். குரோம் பூசிய சாதாரண சாக்கெட்டை இம்பாக்ட் கருவியில் மாட்டுவதும் ஆபத்து. அடி தாங்காமல் அது பிளந்து தெறிக்கக்கூடும்.

புதிதாகத் தொடங்குபவர் பேட்டரி ரெஞ்சும் பேட்டரி ராட்செட்டும் வாங்கிக்கொண்டு, டயருக்குக் காற்றடிக்கவும் தூசி ஊதவும் மட்டும் சிறிய கம்ப்ரசர் வைத்துக்கொள்வதே சரி என்பது என் முடிவு. நட்டு கழற்றுவதற்காக மட்டும் பெரிய கம்ப்ரசரில் பணத்தை முடக்கத் தேவையில்லை. ஆனால் பாடி வேலை, பெயிண்ட், மணல் வீச்சு போன்றவை தினசரி உண்டென்றால் கணக்கைக் கம்ப்ரசரிலிருந்தே தொடங்க வேண்டும்: அதிகமாகக் காற்று குடிக்கும் ஒரு கருவியின் தொடர் தேவையை எடுத்து, அதைவிட ஒன்றரை மடங்கு தரும் இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்து, அதை ஓட்டத் தேவையான மின் இணைப்பு இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டே கடைக்குப் போக வேண்டும். அப்படி ஒரு கம்ப்ரசர் வந்துவிட்டால், பட்டறைக்குள் நட்டு கழற்றவும் காற்று ரெஞ்ச் போதும். பேட்டரி ரெஞ்ச் வெளிவேலைக்கான பெட்டியில் இருக்கட்டும்.