பழைய புல்லட்டில் ஹேண்டில் ஆட்டம்: கோன் செட்டா, ஸ்விங் ஆர்ம் புஷ்ஷா?

பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் ஓட்டுகிற யாரிடமாவது “ஹேண்டில் ஆடுது” என்று சொல்லுங்கள். யோசிக்காமல் பதில் வரும்: “கோன் செட் போயிருக்கும், மாத்திடுங்க.” எனக்கும் அதையேதான் சொன்னார்கள். (ஹேண்டில் திரும்புகிற கழுத்தில் இருக்கும் பேரிங்தான் கோன் செட்.) என்னுடையது 1996 மாடல் 350. திண்டிவனம் தாண்டி விழுப்புரம் போகிற நாற்கரச் சாலையில் 70-ஐத் தொட்டதும் வண்டி நெளிய ஆரம்பித்தது. கோன் செட் மாற்றினேன். புது பால்ரஸ், புது கிரீஸ், ஒரு நாள் கூலி எல்லாம் கொடுத்தாயிற்று. அடுத்த ஞாயிறு அதே சாலை, அதே 70, அதே நெளிவு. கடைசியில் கோளாறு அகப்பட்ட இடம் சீட்டுக்குக் கீழே, ஸ்விங் ஆர்ம் புஷ்ஷில்; அதாவது பின்சக்கரத்தைத் தாங்கும் கை ஃப்ரேமோடு சேருகிற இடத்து புஷ்ஷில்.

ஆட்டம் கைக்குத் தெரிவதால் கோளாறும் கைக்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். வண்டியின் பின்பாதி ஒரு நூல் அளவு பக்கவாட்டில் நகர்ந்தாலும் அதைச் சரிக்கட்ட முன்சக்கரம் திரும்பும். கை உணர்வது அந்தத் திரும்பலைத்தான். அதனால் கோன் செட், புஷ் என்ற இந்த இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்திப் பார்க்காமல் ஸ்பானரை எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் ஆட்டம் எந்த ஜாதி என்று பிரிக்க வேண்டும். ஒன்று உதறல். ஹேண்டில் மட்டும் இடமும் வலமும் படபடவென்று அடிக்கும், நொடிக்கு ஏழெட்டுத் தடவைகூட இருக்கும். பெரும்பாலும் வேகம் குறையும்போது வரும்: ஆக்சிலரேட்டரை விட்டு வண்டி 60-லிருந்து 40-க்கு இறங்கும் நேரம், அதிலும் பிடி தளர்ந்திருந்தால். இன்னொன்று நெளிவு. இது நிதானமானது, நொடிக்கு இரண்டு மூன்று தடவை. ஹேண்டில் மட்டுமல்ல, சீட்டும் சேர்ந்து நகரும். நடுவில் கீல் வைத்த கதவு மாதிரி வண்டியின் முன்பாதியும் பின்பாதியும் தனித்தனியாகப் போவதுபோல் இருக்கும். வேகம் கூடக் கூட, வளைவில் சாய்ந்திருக்கும்போது, பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கும்போது அதிகமாகும்.

உதறல் என்றால் முன்னால் தேடுங்கள். நெளிவு என்றால் பின்னால் தேடுங்கள். இது சட்டம் கிடையாது, ஆனால் தேட ஆரம்பிக்க நல்ல இடம். என் வண்டியில் இருந்தது நெளிவு. அன்றைக்கு இந்த வித்தியாசத்தை நானும் சொல்லத் தெரியாமல் “ஆடுது” என்று மட்டும் சொன்னேன், கேட்டவரும் “எப்படி ஆடுது” என்று கேட்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. உதறலைச் சோதிக்க ஓடும் வண்டியில் இரண்டு கையையும் எடுக்காதீர்கள். உதறல் பெரிதாகிவிட்டால் திரும்பப் பிடிப்பது கஷ்டம். விரல்களை லேசாகத் தளர்த்தினாலே போதும், தெரிந்துவிடும். ஓட்டும்போது திடீரென்று உதற ஆரம்பித்தால் முன் பிரேக்கை இறுக்கிப் பிடிக்காமல், ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டு, உடம்பைச் சற்று முன்னால் சாய்த்து, கையைக் கல் மாதிரி விறைக்காமல் வைத்திருங்கள்.

இந்த இரண்டு பெரிய ஆட்களுக்கு முன்னால், காசு செலவில்லாமல் விலக்கக்கூடிய சில்லறை சந்தேகங்கள் உண்டு. காற்று அதில் முதல். அந்தக் கால புல்லட்டுக்கு முன்சக்கரத்தில் 18 முதல் 20 பி.எஸ்.ஐ., பின்னால் 28 முதல் 30 போதும். பங்க்கில் கேட்காமலே இரண்டிலும் 35 அடித்துவிடுவார்கள். முன் டயர் பலூன் மாதிரி விறைத்துப்போய் ஒவ்வொரு கல்லுக்கும் ஹேண்டிலைத் தட்டும். அப்புறம் டயர். நீளவாக்கில் கோடு போட்ட ரிப் டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்திருந்தால், சாலையில் நீளமாக ஓடும் வெடிப்பையும் கோட்டையும் பிடித்துக்கொண்டு போகும். அதுவும் ஆட்டம் மாதிரிதான் தெரியும். ரிம் கோட்டம் பார்ப்பது சுலபம்: சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, ஃபோர்க்கில் ஒரு சாக்பீஸை ஊன்றி ரிம்முக்குப் பக்கத்தில் பிடியுங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உரசினால் சரி. ஒரு பக்கம் மட்டும் கோடு விழுந்தால் கோட்டம் எடுக்க வேண்டும். ரிம் நேராக ஓடி டயர் மட்டும் ஆடினால், டயர் ரிம்மில் ஒழுங்காக உட்காரவில்லை. பின்னால் பெரிய பெட்டி கட்டியிருந்தால் அதையும் ஒரு நாள் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். பின் ஆக்ஸிலைத் தாண்டித் தொங்கும் எடை முன்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் இருவரையும் விசாரிக்க வேண்டும்.

கோன் செட்டில் ஆரம்பிப்போம். இது இரண்டு விதமாகக் கெடும், இரண்டுக்கும் அடையாளம் வேறு. லூஸாக இருந்தால் உதறலும், பிரேக் பிடிக்கும்போது ‘டக்’ என்ற தட்டலும் வரும். தேய்ந்து குழி விழுந்திருந்தால், அல்லது அளவுக்கு மீறி இறுக்கியிருந்தால், உதறல் வராது. வண்டி மெதுவாகப் போகும்போது நேராக நிற்காமல் குடித்தவன் நடை போடும். ஹேண்டிலை நீங்களே இடமும் வலமும் திருத்திக்கொண்டே இருப்பீர்கள். இறுக்கினால் ஆட்டம் நிற்கிறது என்று கோன் நட்டை ஒரு சுற்று கூடுதலாக முறுக்கி அனுப்புகிற வழக்கம் பல இடங்களில் உண்டு. அது உதறலை மறைத்து, குண்டுகளை அவை உட்காரும் கப்பில் அழுத்தி, சில மாதத்தில் குழி விழச் செய்கிற வேலை.

சோதனை இப்படி. சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஒருவர் பின்னால் அமுக்க முன்சக்கரம் தரையை விட்டு எழும்பட்டும். நீங்கள் முன்னால் குந்தி உட்கார்ந்து இரண்டு ஃபோர்க்கின் அடிப்பகுதியையும் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். அப்புறம் ஒரு கையால் மட்டும் இழுத்து, இன்னொரு கையின் விரலை, ஃப்ரேமின் கழுத்தும் ஃபோர்க்கின் கீழ்த் தாங்கியும் சேருகிற இடுக்கில் வையுங்கள். லூஸ் இருந்தால் அந்த இடுக்கு திறந்து மூடுவது விரல் நுனிக்குத் தெரியும். கண்ணை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள். அடுத்து ஹேண்டிலை இரண்டே விரலால் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெல்லத் திருப்புங்கள். சரியாக நடுவில் வரும்போது ஒரு பள்ளத்தில் விழுந்து எழுவதுபோல் இருந்தால் கப்பில் குழி விழுந்துவிட்டது என்று அர்த்தம். வண்டி வாழ்நாள் முழுக்க நேராகவே ஓடுவதால் குழியும் அங்கேதான் விழும்.

நிறைய பேர் செய்கிற சோதனை, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளிப் பார்ப்பது. டிரம் பிரேக் புல்லட்டில் அதை நம்பி முடிவு சொல்ல முடியாது. பிரேக் பிளேட் ஃபோர்க்கில் மாட்டும் இடத்தில் தேய்மானம் இருந்தாலும் அதே ‘டக்’ வரும். ஃபோர்க் புஷ் தேய்ந்திருந்தாலும் வரும். வீல் பேரிங்குக்குச் சோதனை தனி: ஃபோர்க்கை அசையாமல் பிடித்து, டயரை மட்டும் எதிரெதிர்ப் பக்கத்தில் பிடித்து ஆட்டுங்கள். ஃபோர்க் நிற்க சக்கரம் மட்டும் தட்டினால் அது பேரிங்.

இப்போது ஸ்விங் ஆர்ம் புஷ். 1949-ல் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் வந்த புல்லட்டிலேயே பின்னால் ஸ்விங் ஆர்ம் உண்டு. 1955-ல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் தயாரான வண்டிகளிலும் பல பத்தாண்டுகள் அடிப்படை அமைப்பு அதேதான். பின்சக்கரத்தின் இழுப்பு, செயினின் இழுப்பு, பள்ளத்தின் அடி, பின்னால் உட்கார்ந்தவரின் எடை எல்லாவற்றையும் ஸ்விங் ஆர்ம் அசைகிற அச்சான ஒரு ஸ்பிண்டிலும் இரண்டு புஷ்ஷும் தாங்க வேண்டும். இருந்தும் சர்வீஸில் யாரும் எட்டிப் பார்க்காத இடம் இது. கோன் செட்டை மாதா மாதம் ஆட்டிப் பார்ப்பார்கள். ஸ்விங் ஆர்மை நானும் வாங்கின நாளிலிருந்து தொட்டதில்லை.

சோதனைக்கு வண்டி சென்டர் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். சக்கரத்தைப் பிடித்து ஆட்டாதீர்கள். அப்படி ஆட்டினால் பின் வீல் பேரிங்கின் லூஸும் சேர்ந்து வந்து குழப்பும். ஸ்விங் ஆர்மின் பின்கோடியை, ஆக்ஸிலுக்குப் பக்கத்தில் இரும்பையே பிடியுங்கள். மற்ற கை ஃப்ரேமில் இருக்கட்டும். பக்கவாட்டில் இழுத்துத் தள்ளுங்கள். ஒன்றும் நகரக் கூடாது. சந்தேகமாக இருந்தால் இரண்டு ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டையும் கழற்றிவிட்டுத் திரும்பப் பாருங்கள். ஷாக் பிடித்துக்கொண்டிருந்த லூஸ் அப்போது வெளியே வரும். என் வண்டியில் அப்படித்தான் வந்தது: ஷாக் மாட்டியிருக்கும்போது கொஞ்சமும் தெரியவில்லை, கழற்றியதும் பின்கோடி என் சுண்டுவிரல் பருமனுக்குப் பக்கவாட்டில் போய் வந்தது. ஸ்பிண்டிலை உருவியபோது ஒரு பக்கம் வெள்ளையாக வழவழப்பாகவும், மறுபக்கம் துரு ஏறிப் பழுப்பாகவும் இருந்தது. கிரீஸின் அடையாளமே இல்லை.

இதோடு அலைன்மென்ட்டையும் பார்த்துவிட வேண்டும். புல்லட்டில் செயின் அட்ஜஸ்டர் நத்தை ஓடு மாதிரி வளைந்த கேம். இரண்டு பக்கமும் பல் எண்ணி ஒன்றாக வைத்தால் சக்கரம் நேராகிவிடும் என்று நினைப்போம். ஸ்விங் ஆர்ம் லேசாக முறுக்கியிருந்தாலோ கேம் தேய்ந்திருந்தாலோ பல் எண்ணிக்கைக்கு மதிப்பில்லை. கொத்தனார் நூல்தான் பொய் சொல்லாது. பின் டயரின் இரண்டு பக்கமும் உரசும்படி நூலை இழுத்து முன் டயர் வரை பிடியுங்கள், முன் டயருக்கும் நூலுக்கும் இடைவெளி இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும்.

கண்டுபிடித்த பிறகு எதை மாற்றுவது என்பதில் இன்னொரு போட்டி இருக்கிறது: கோன் செட்டில் பழையபடி உதிரி குண்டு பால்ரஸ் போடுவதா, டேப்பர் ரோலர் (சரிவான உருளை) பேரிங் போடுவதா? குண்டு ஒரு புள்ளியில் தாங்கும், அதனால் சீக்கிரம் குழி விழும். ரோலர் ஒரு கோட்டில் தாங்கும், நீண்ட நாள் வரும். கையில் திருப்பும்போதே அந்த வழவழப்பு தெரியும். ஆனால் ரோலருக்கு அது உட்காரும் இடம் சுத்தமாகவும் நேராகவும் இருக்க வேண்டும். கழுத்துக் குழாயில் கப் லூஸாகிப்போன பழைய ஃப்ரேமில் ரோலர் போட்டுப் பயனில்லை, முதலில் லேத்துக்குப் போக வேண்டும். உயரம் கொஞ்சம் மாறினாலும் ஹெட்லைட் கூடு உட்காருவது மாறும். ஃபோர்க் குழாய்கள் அந்தக் கூட்டில்தான் மரை போட்டு ஏறுகின்றன, அதனால் ஒரு தடவை பிரிப்பதே பெரிய வேலை. என் கருத்து: நல்ல நிலையில் இருக்கிற குண்டு செட்டை ஆசைக்காகப் பிரிக்க வேண்டாம். குழி விழுந்து எப்படியும் பிரிக்கிறீர்கள் என்றால் ரோலருக்குக் காசு போடுங்கள். அதை ஓட்டிப் பார்த்து, சில நூறு கிலோமீட்டர் கழித்து ஒருமுறை திரும்ப டைட் பார்க்கவும் வேண்டும்.

பின்னால் வெண்கல புஷ், ரப்பர் புஷ், நைலான் புஷ் என்று எல்லாம் கிடைக்கிறது. ரப்பர் புஷ் போட்டால் ஒரு விஷயம் கவனியுங்கள்: வண்டி தன் எடையில் நிற்கும் நிலையில்தான் ஸ்பிண்டில் நட்டை இறுக்க வேண்டும். ஸ்விங் ஆர்ம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருந்து கிழியும். நான் வெண்கலம் போட்டேன், லேத்தில் ஸ்பிண்டிலின் அளவுக்குக் கடைந்து. ஸ்பிண்டிலும் புதுசு. கிரீஸ் அடிக்க மறக்காதவருக்கு அதுதான் நல்லது, மறப்பவருக்கு நைலான்.

ஸ்டியரிங் டேம்பர் மாட்டச் சொல்லியும் ஒருவர் யோசனை சொன்னார். அது உதறலைப் பிடித்து அமுக்கும், லூஸை அப்படியே விட்டுவிடும். இந்தப் போட்டியில் அதை நான் சேர்க்கவில்லை.

புஷ் மாற்றின மறுநாள் காலை அதே விழுப்புரம் சாலைக்குப் போனேன். முன்சக்கரத்தில் 20, பின்னால் 28. 70 வந்தது, 80 வந்தது. முன்பு நெளிந்த அந்த நீண்ட வளைவில் சீட்டுக்குக் கீழே எதுவும் நகரவில்லை. திரும்பி வரும்போது ஆக்சிலரேட்டரை விட்டு 60-லிருந்து இறங்கவிட்டு, விரலைத் தளர்த்திப் பார்த்தேன். 45-ல் ஹேண்டில் மிக லேசாகப் படபடத்தது. அது முன் டயர். இந்த மாதம் மாற்ற வேண்டும்.