பேனாவா, மார்க்கரா, ஐபேடா? கான்செப்ட் ஸ்கெட்ச்சுக்கு எது தோது

கோவையில் வெட் கிரைண்டர் செய்யும் ஒரு பட்டறைக்கு, மேசைமேல் வைக்கும் மாடலுக்குப் புதிய பாடி வரைந்து கொடுக்கும் வேலை. முதல் சந்திப்புக்கே ஐபேடில் நிழல், பளபளப்பு, ஸ்டீல் டிரம்மில் ஜன்னல் வெளிச்சம் விழுவது வரை இழைத்து, ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு போனேன். முதலாளி பார்த்தார். “அருமையா இருக்குங்க தம்பி. மோல்டுக்குக் கொடுத்துரலாமுங்களா?” என்றார். மோல்டு என்றால் பாடியை வார்க்கும் அச்சு. தூக்குவதற்கான கைப்பிடி எங்கே வரவேண்டும் என்று நானே அப்போது யோசித்திருக்கவில்லை. எங்கேயாவது இருக்கவேண்டுமே என்று பக்கவாட்டில் போட்டு வைத்திருந்தேன். படம் அவ்வளவு முடிந்ததுபோல் இருந்ததால், அந்தக் கைப்பிடியும் முடிவானது என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அதை நகர்த்த மூன்று வாரம் பேசவேண்டி வந்தது.

கான்செப்ட் ஸ்கெட்ச் என்பதே, பொருளைச் செய்வதற்கு முன் அதன் யோசனையை மட்டும் காட்டும் படம். அதிலிருந்து, ஒரு கருவி எவ்வளவு அழகாகக் காட்டும் என்று பார்ப்பதற்கு முன், “இது இன்னும் யோசனைதான்” என்று பார்ப்பவருக்கு அது புரியவைக்குமா என்று பார்க்கிறேன். கீழே உள்ள ஒப்பீடு முழுக்க அந்தக் கண்ணோடுதான்.

முதலில் பால்பாயின்ட் பேனா. நம் ஊரில் யார் வீட்டு மேசையிலும் கிடைக்கிற, வெள்ளை உடம்பும் நீல மூடியுமான ரெனால்ட்ஸ் 045 போதும். லேசாக ஓட்டினால் புகைபோல ஒரு கோடு, அழுத்தினால் கருமையான கோடு. பென்சிலில் செய்யும் எல்லாமே இதிலும் வரும், கையில் அப்பிக்கொள்ளாது. அழிக்க முடியாது என்பதைத்தான் பலர் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அதுதான் இதன் பெரிய பலம். கோடு தவறினால் பக்கத்திலேயே இன்னொன்று போடுவீர்கள். நாலைந்து மெல்லிய கோடுகளுக்கு நடுவில் சரியானது தெரியும்போது அதை மட்டும் அழுத்தி எடுப்பீர்கள். வெளிவிளிம்பு தடிமனாக, உள்ளே வளைவைக் காட்டும் குறுக்குக் கோடுகள் மெல்லியதாக. ஷேடிங்கே இல்லாமல் பொருளுக்குக் கனம் வந்துவிடும்.

கிரைண்டர் வரைவதென்றால் நீள்வட்டம் வரைவது என்றே அர்த்தம். டிரம், மூடி, அடிப்பாகம் எல்லாம் உருளைதான். இங்கே ஒரே ஒரு விதி தெரிந்தால் பாதிச் சிக்கல் தீரும்: நீள்வட்டத்தின் குறுகிய அச்சு, டிரம் சுற்றும் ஷாஃப்ட்டின் கோட்டோடு ஒத்துப்போகவேண்டும். டில்டிங் கிரைண்டரில் டிரம் சாய்ந்தால் ஷாஃப்ட் கோட்டை முதலில் சாய்த்துப் போட்டு, அதன்மேல் நீள்வட்டத்தை வைக்கவேண்டும். இதை மறந்தால் டிரம் வழுக்கி விழப்போவதுபோல் இருக்கும். ஏன் என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது, ஏதோ இடிக்கிறது என்பார். மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கையைச் சுழற்றி, தாளைத் தொடுவதற்கு முன் இரண்டு முறை காற்றில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் போட்டால்தான் நீள்வட்டம் படியும். இந்தப் பழக்கம் பேனாவில்தான் வரும். டிசைன் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு வேறு வழியும் இல்லை: யூசீட், சீட், என்ஐடி நுழைவுத் தேர்வு எல்லாவற்றிலும் தாளில் கையால் வரையும் பகுதி உண்டு.

அப்புறம் சுவர். இருபது ஏ3 தாளைச் சுவரில் ஒட்டினால் இருபதும் ஒரே பார்வையில் தெரியும். ஏழாவதின் மூடியும் பதினான்காவதின் அடிப்பாகமும் சேர்ந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றுவது அப்படி நின்று பார்க்கும்போதுதான். திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கையில் எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

பேனாவால் முடியாதது நிறமும் பொருளின் தன்மையும். ஸ்டீலா, பிளாஸ்டிக்கா, கிரானைட்டா என்பதைக் கோட்டில் சொல்வது கஷ்டம். அங்கேதான் ஆல்கஹால் கலந்த மை கொண்ட மார்க்கர் வருகிறது. காப்பிக் என்ற ஜப்பானிய மார்க்கர் 1987-இல் வந்தது. பழைய மார்க்கர்களின் மை, நகல் எடுத்த தாளில் உள்ள டோனரை, அதாவது ஜெராக்ஸின் கருப்புப் பொடியை, கரைத்துவிடும். காப்பிக் மை கரைக்காது. பெயரே நகலைக் குறிக்கும் ‘காப்பி’யிலிருந்து வந்ததுதான். இதன் நடைமுறைப் பயன் இன்றும் இருக்கிறது. பால்பாயின்ட் கோட்டின்மேல் நேரடியாக மார்க்கர் ஓட்டினால் பேனா மை கசிந்து அழுக்காகும். அதனால் ஸ்கெட்சைத் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் நாலு நகல் எடுத்து, நகலின்மேல் நிறம் தீட்டுங்கள். அசல் பத்திரமாக இருக்கும். கெடுப்பதற்கு நாலு தாளும் கிடைக்கும்.

காப்பிக் ஸ்கெட்ச் வரிசையில் 358 நிறங்கள் உண்டு. அத்தனையும் வாங்க ஆசைப்பட்டால் ஐபேடே வாங்கிவிடலாம். கூல் கிரே என்ற நீலச் சாயல் கொண்ட சாம்பல் நிறத்தில் வெளிறியதிலிருந்து கருமைக்குச் சி1, சி3, சி5 என மூன்று, கூடவே ஏதாவது ஒரு பளிச் நிறம். இதற்குமேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை. ஸ்டீல் வேண்டுமா? வெள்ளையும் கருப்பும் திடீரென்று மோதும்படி கோடு கோடாக விடுங்கள். பளபளப்பில்லாத மேட் பிளாஸ்டிக் வேண்டுமா? மை ஈரமாக இருக்கும்போதே பக்கத்து கிரேயை இழுத்துக் கலந்துவிடுங்கள். சாதாரணத் தாளில் மை அடுத்த பக்கம்வரை இறங்கும், அடியில் ஓர் அட்டை வையுங்கள். விலையும் தாளும் சேர்ந்து மார்க்கரை இப்போது பின்னுக்குத் தள்ளிவிட்டன, அதை மறுக்கமாட்டேன். ஆனாலும் மார்க்கர் படம் ஒன்று அறையில் இருந்தால் எல்லோரும் எழுந்து பக்கத்தில் போய்ப் பார்ப்பார்கள்.

ஐபேடுக்கு வருவோம். ஐபேட் திரையில் வரையும் ஆப்பிள் பென்சில் 2015-இல் வந்தபின் இந்தத் தொழிலில் பாதிப் பேர் இங்கே குடிவந்துவிட்டார்கள். காரணம் இல்லாமல் இல்லை. “இதே டிசைன், மெரூன்ல எப்படி இருக்கும்?” என்று கேட்டால் கோடும் நிறமும் தனித்தனி அடுக்காக (லேயர்) இருப்பதால், நிறத்தை மட்டும் மாற்றி உட்கார்ந்த இடத்திலேயே காட்டலாம். பேனாக்காரன் வீட்டுக்குப் போய் வரையவேண்டும். எனக்கு இன்னும் பிடித்தது, சமையல் மேடையின் போட்டோவை அடியில் வைத்து அதன்மேலேயே கிரைண்டரை வரைவது. சுவரில் உள்ள பிளக் பாயின்ட்டுக்கு வயர் எட்டுமா, மேல் அலமாரி மூடியைத் திறக்க விடுமா என்று உடனே தெரிந்துவிடும். புரோகிரியேட் என்ற வரையும் செயலிக்கு ஒரே முறை பணம் கட்டினால் போதும், ஆனால் ஐபேடில் மட்டும்தான். ஆண்ட்ராய்டு டேப்லெட் வைத்திருப்பவர்களுக்கு ஸ்கெட்ச்புக் என்ற செயலி இருக்கிறது. கார் வடிவமைப்பாளர்கள் பயன்படுத்தும் ஏலியாஸ் மென்பொருள் குடும்பத்தில் பிறந்தது என்பதால் நீள்வட்ட அளவுகோலும் வளைவு அளவுகோலும் நன்றாகவே இருக்கும்.

சிக்கல் மூன்று இடத்தில். இரண்டு விரலால் தட்டினால் கோடு போய்விடும், அதனால் ஒரே கோட்டை முப்பது முறை போட்டு அழித்துக்கொண்டிருப்பீர்கள். கோட்டின் முடிவில் பென்சிலை நிறுத்திப் பிடித்தால் கோணல் வட்டம் தானே சீராகும், அதனால் கை கற்றுக்கொள்ளாது. ஜூம் செய்து ஸ்க்ரூவின் தலையை வரைந்துகொண்டிருக்கையில், முழுப் பொருளின் அளவுப் பொருத்தம் கெட்டிருப்பதே தெரியாது. மூன்றாவதுதான் என்னைக் கவிழ்த்தது.

வரைவதற்கென்றே வரும் பெரிய டிஸ்ப்ளே டேப்லெட்கள் பெரும்பாலும் கணினியோடு கட்டிப்போட்டவை. ஸ்டுடியோவுக்குச் சரி, பட்டறைக்குத் தூக்கிப்போக முடியாது. கிறுக்கலைக் கொடுத்தால் போட்டோபோல ரெண்டர் செய்து தரும் ஏஐ கருவிகளை நானும் பயன்படுத்துகிறேன், பெரும்பாலும் நிறத்துக்கும் மெட்டீரியலுக்கும். முதல் சந்திப்புக்கு மட்டும் வேண்டாம். நான் யோசிக்காத, இரண்டு பாகம் சேரும் இணைப்புக் கோட்டையும் பட்டனையும் அதுவாகவே போட்டுவிடும். நானே போட்ட ஒரு கைப்பிடிக்கே மூன்று வாரம் பட்டவன்.

இரண்டாவது சந்திப்புக்குப் பேனாவில் வரைந்த பதினெட்டுத் தாள்களோடு போனேன். பட்டறைச் சுவரில் டேப் போட்டு ஒட்டினேன். முதலாளி முதலில் முகத்தைச் சுளித்தார். போன படம் எங்கே என்று கேட்டார். அசெம்பிளியில் வேலை செய்கிற அண்ணன் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து கொஞ்ச நேரம் பார்த்தார். “தூக்குறப்ப மோட்டார் இருக்கற பக்கந்தானுங்க சாயும்” என்று சொல்லி, என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து ஆறாவது தாளில் கைப்பிடியை அடித்துவிட்டு, இரண்டு அங்குலம் தள்ளி, பிடித்துத் தூக்க ஒரு பள்ளம் போட்டார். கோடு கோணல்தான். மோல்டு அந்த இடத்தில்தான் வெட்டினார்கள்.