மார்த்தாண்டத்து பாரில் பீரும் சாளையும்

மார்த்தாண்டத்தில் ஒரு பார், பெயர் வேண்டாம். கூட வந்த மச்சான் ஜிம் ஆள், பார்லியில் செய்வதால் பீரிலும் புரோட்டீன் இருக்கிறது என்று வழி முழுக்க ஒரே பேச்சு. இருக்கிறதுதான், ஆனால் 650 மில்லி பாட்டிலுக்கே சுமார் 3 கிராம், ஒரு முட்டையில் பாதி. ஆளுக்கு ஆண்டுக்கு 100 லிட்டருக்கு மேல் குடிக்கிற செக் நாட்டிலேயே கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 2 கிராம்கூடத் தேறாது, அங்கேயும் இப்போது பீர் குறைந்துகொண்டுதான் வருகிறது. இந்தியாவுக்குப் போட்டால் கிட்டத்தட்ட பூஜ்யம்.

சரி, கடைக்கு வருவோம். பாட்டில் வெதுவெதுப்பாக வந்தது, மூடியைத் திறந்ததும் நுரை பொங்கி மேசையில் பாதி. அந்த நுரை கலையாமல் நிற்பதே புரோட்டீனால்தான், அதனால் மச்சானின் புரோட்டீனைத் துணியால் துடைத்து எடுத்துக்கொண்டு போனார் சப்ளையர்! ஐஸ் கேட்டால் முறைப்பு வேறு.

ஆனால் சாளை பொரிப்பு அருமை. நல்லமிளகு தூக்கலாக அரைத்த மசாலா, ஓரம் மொறுமொறுவென்று, நடுமுள்கூடக் கடிபட்டது, தொட்டுக்கொள்ள அவித்த மரச்சீனிக்கிழங்கு. புரோட்டீன் வேண்டுமென்றால் இன்னொரு பிளேட் சாளை சொல்லுங்கள். ஐந்துக்கு மார்க் போட்டால் பீருக்கு 2, மீனுக்கு 5. கழிவறைப் பக்கம் போகவே வேண்டாம்.